மாத்திரையை நிறுத்திவிட்டு டெஸ்டுக்குப் போ

அன்பு நண்பா,

போன ஞாயிறு போனில் பேசும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு எரிந்து எழுந்திருக்கிறேன், இரண்டு பிஸ்கட் தின்றால்தான் மறுபடி தூக்கம் வருகிறது என்று ஏதோ ஊர்க்கதை மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அன்றைக்கு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மூன்று வருடமாக நீயாகவே மெடிக்கல் ஷாப்பில் பான்டோபிரசோல் என்கிற அமிலம் குறைக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். போனில் சொன்னால் சரி சரி என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கும் இதேதான் இருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி பண்ணி, இரைப்பையிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்து, கிருமி எதுவும் இல்லை என்றார்கள். நம்பி நாலு மாதம் அவதிப்பட்டேன். அப்புறம் வேறொரு டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, டெஸ்டுக்கு முன்னால் மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தினீர்கள் என்பதுதான். ஒரு நாள்கூட நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. அமிலத்தைக் குறைக்கிற அந்த மாத்திரை ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற இரைப்பைக் கிருமியை அடக்கிவைக்கும், ஆனால் ஒழிக்காது. அதனால் கிருமி உள்ளேயே இருக்கும், டெஸ்டில் தெரியாமல் போய்விடலாம். குறைந்தது இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்த வேண்டும், ஆண்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டிருந்தால் நாலு வாரம் பொறுக்க வேண்டும்.

இரண்டாம் தடவை எடுத்தது மூச்சு டெஸ்ட். ஒரு பையில் ஊதச் சொன்னார்கள், யூரியா கலந்த தண்ணீர் கொடுத்தார்கள், அரை மணி நேரம் கழித்து மறுபடி ஊதினேன், அவ்வளவுதான். இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கரியமில வாயுவும் ஆக்கும். அந்த அம்மோனியாவால் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டுதான் அது இரைப்பையில் உயிர் வாழ்கிறது. குடிக்கிற யூரியாவில் உள்ள கார்பனை அடையாளம் காணும்படி செய்திருப்பார்கள், அது மூச்சில் வந்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். மலத்தை வைத்தும் பார்க்கலாம். ரத்த டெஸ்ட் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, கிருமி போன பிறகும் எதிர்ப்புச்சக்தியின் தடம் ரத்தத்தில் ரொம்ப நாள் இருக்கும்.

கவலையும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்று நாம் வளர்ந்தோமே, டாக்டர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். இந்தக் கிருமிதான் முக்கியக் காரணம் என்று காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்று இரண்டு டாக்டர்கள். நோயாளிகளின் இரைப்பைத் துணுக்கிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கிற தட்டுகளை இரண்டு நாளில் எறிந்துவிடுவது வழக்கம், 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு கூடுதலாகச் சில நாள் கிடந்துவிட, அதில்தான் கிருமி முளைத்திருந்தது. யாரும் நம்பவில்லை என்று 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார், சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்து, உள்ளே பார்த்தால் இரைப்பை அழன்றிருந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கிருந்து வந்தது என்று மண்டையைக் குடையாதே. பெரும்பாலும் சின்ன வயதிலேயே வீட்டுக்குள்ளிருந்து, எச்சில் வழியாக, கழுவாத கை வழியாக, சுத்தமில்லாத தண்ணீர் வழியாக ஒட்டிக்கொள்கிறது. உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் இது இருந்திருக்கிறது, அதில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் சிலருக்கு அல்சர், இன்னும் சிலருக்குப் புற்றுநோய்வரை போகிறது, அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இதைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது.

எனக்குப் பதினாலு நாள் மருந்து. வாயெல்லாம் கசப்பு, ஆனாலும் ஒரு வேளைகூட விடவில்லை, பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். முடித்து நாலு வாரத்துக்கு மேல் ஆனதும் மறுபடி ஊதிப் பார்த்து, போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் நிம்மதி வந்தது.

உன் முட்டிவலி மாத்திரை பற்றியும் டாக்டரிடம் சொல், அதுவும் இரைப்பையைப் புண்ணாக்கும். மலம் கறுப்பாகப் போனாலோ, எடை குறைந்தாலோ இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காமல் உடனே போ.

சின்னவளுக்கு நர்ஸிங் சீட் கிடைத்துவிட்டது, உன்னிடம் அவளே சொல்ல வேண்டுமாம். டெஸ்டுக்குத் தேதி வாங்கியதும் சொல், நானும் கூட வருகிறேன்.

உன் ஹாஸ்டல் அறைத்தோழன்