ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அரை நாள் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சிகாகோவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய கட்டுரையாளர், இல்லினாய் மாநிலத்தின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டை மட்டும் 'லிங்கன் அருங்காட்சியகம் உண்டு, அரை நாள் போதும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ப்ளூமிங்டனில் குடியிருப்பவள் நான். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். அதனால்தான் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அருங்காட்சியகம் 2005-இல் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் லிங்கனைப் பார்க்க வேண்டிய இடம் அவர் வீடு. 1844-இல் வாங்கி, 1861-இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்கப் புறப்படும் வரை மனைவி மக்களோடு வாழ்ந்த வீடு. வாழ்நாளில் அவருக்கென்று சொந்தமாக இருந்த வீடும் அது ஒன்றுதான். சுற்றியுள்ள தெருக்களையும் அந்தக் காலத்தில் இருந்தபடியே காத்து வைத்திருக்கிறார்கள். மாடிப்படியின் கைப்பிடி அவர் காலத்தது, தொட்டுக்கொண்டே ஏறலாம். அந்த மரத்தைப் பிடித்தபடி மேலே போகும்போது எந்த வயதினரும் சற்று நிதானமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குக் கட்டணம் கிடையாது. மூத்த மகன் ராபர்ட் 1887-இல் வீட்டை மாநில அரசுக்குக் கொடுத்தபோதே, நன்றாகப் பராமரிக்க வேண்டும், பார்க்க வருகிறவர்களிடம் காசு வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார். வீடு இப்போது தேசியப் பூங்கா சேவையின் பொறுப்பில் இருக்கிறது. இன்றும் காசு வாங்குவதில்லை.

அப்புறம் லிங்கன் அடக்கமான ஓக் ரிட்ஜ் கல்லறை, 1858-இல் அடிமை முறை பற்றிய அவருடைய 'பிளவுபட்ட வீடு' உரை நிகழ்ந்த பழைய சட்டமன்றக் கட்டடம், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த டானா-தாமஸ் இல்லம், ஊருக்கு வெளியே லிங்கன் இளமையில் கடை வைத்திருந்த நியூ சேலம் கிராமம். இவற்றைச் சுற்றவே ஒரு முழு நாள் வேண்டும்.

கட்டுரையில் விடுபட்டதில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வேறு ஓர் இடம். 1908 ஆகஸ்டில் இதே ஊரில் வெள்ளையர் கும்பல் ஒன்று சிறையில் இருந்த இரண்டு கறுப்பினக் கைதிகளைக் கேட்டுத் திரண்டது. அதிகாரிகள் அவர்களை ரகசியமாக எங்கள் ப்ளூமிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏமாந்த கும்பல் கறுப்பின மக்களின் வீடுகளைக் கொளுத்தியது, இருவரை அடித்துத் தூக்கில் தொங்கவிட்டது. அவர்களில் ஒருவர் வில்லியம் டோனகன், எண்பது வயதை ஒட்டிய செருப்புத் தைக்கும் முதியவர். கைதிகளில் ஒருவர் மீது பாலியல் புகார் சொன்ன பெண், அது பொய் என்று பின்னால் ஒப்புக்கொண்டார். லிங்கனின் ஊரிலேயே இப்படி நடந்ததா என்ற அதிர்ச்சிதான், அவருடைய நூறாவது பிறந்தநாளான 1909 பிப்ரவரி 12-இல் கறுப்பின மக்களின் உரிமைக்காக என்ஏஏசிபி அமைப்பு உருவாகக் காரணமாயிற்று.

எரிந்த வீடுகளின் அடித்தளங்கள் 2014-இல் ரயில் பாதைப் பணிக்காகத் தோண்டியபோது வெளிப்பட்டன. 2024 ஆகஸ்டில் அந்த இடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பிரமாண்டமாக எதுவும் இல்லை, படம் எடுத்துக்கொள்ளவும் அதிகம் இல்லை. சுற்றுலாப் பட்டியல்களில் அது விடுபட்டுப் போவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் கல்லறையில் வணங்கிவிட்டு இதைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் ஊரின் கதையில் பாதியைத்தான் கேட்டிருப்பார்கள்.

அடுத்த முறை அமெரிக்கப் பயணம் பற்றி வெளியிடும்போது இந்த நினைவிடத்தையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சிகாகோவிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, நிலையமும் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. கார் ஓட்டாதவர்களும் தாராளமாகப் போய் வரலாம் என்பதையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ப்ளூமிங்டன், இல்லினாய்