நேர்காணலில் குனிந்து உட்காருகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் 30 வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள். வாசலிலிருந்து நாற்காலி வரை ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்வது என் தொழில்.

உடம்பு பேசும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாய் ‘பரவாயில்லை’ என்று சொல்லும், பயத்தில் தோள் காதுவரை ஏறியிருக்கும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ போட்டிகளின் படங்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, பிறவியிலேயே பார்வையில்லாத வீரர்களும் ஜெயித்ததும் கையை உயர்த்தி நெஞ்சை விரித்தது தெரிந்தது. அது பார்த்துக் கற்றதல்ல.

ஆனால், இரண்டு நிமிடம் கம்பீரமாக நின்றால் ஹார்மோனே மாறிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அது 2010இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு. 2015இல் 200 பேரிடம் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாறவில்லை. தெம்பாக உணர்வதாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். முதல் ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரே 2016இல் அதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று அறிவித்துவிட்டார்.

சரி, நின்று பார்ப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. என் கவலை அடுத்த வரியைப் பற்றியது. கூன் போட்டு உட்காருபவருக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள்.

என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் இளைஞருக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். முதுகெலும்பு மெல்ல மெல்ல இறுகி ஒன்றாகிவிடக்கூடிய நோய். பெரும்பாலும் இருபது, முப்பது வயதுகளிலேயே பிடித்துக்கொள்ளும். அவருக்கு முதுகு நிமிராது. கழுத்தை மட்டும் தனியாகத் திருப்ப முடியாது. பக்கத்திலிருப்பவரைப் பார்க்க முழு உடம்பையும் திருப்ப வேண்டும். நேர்காணலில் அவர் குனிந்து உட்கார்ந்திருந்தாராம், முகம் பார்த்துப் பேசவில்லையாம். தைரியம் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் நேரே என்னிடம் வந்து கேட்டார்: “மேடம், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் நிமிர்த்திப் பிடிக்கிற மாதிரி பெல்ட் ஏதாவது இருக்கா?”

இல்லை என்று சொல்லத்தான் முடிந்தது. வலியோடு ராத்திரி பாதியில் எழுந்து நடந்து, காலையில் விறைத்த முதுகைப் பயிற்சி செய்து தளர்த்திக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற பிள்ளை அவர். அவரைவிடத் தைரியசாலிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கும் இதே கதைதான்: உடம்பு முன்னால் சாயும், முகத்தில் சிரிப்பு எழும்பாது, மனிதர் சோகமாக இருக்கிறார் என்று வீட்டிலிருப்பவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, கேள்வி கேட்பவர்களுக்கும் அரைப் பத்தி ஒதுக்குங்கள். கேள்வி கேட்பவர்கள் மூன்று பேர் என்றால், மேசையின் மூன்று பக்கம் உட்காராமல், கழுத்தைத் திருப்பாமலே பார்க்கும்படி எதிரே நெருங்கி உட்காரலாம். ‘இந்த நாற்காலி வசதியாக இருக்கிறதா?’ என்று முதலிலேயே கேட்டுவிடலாம். அந்த இளைஞரை யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர்