ஒன்றரை கப் வாழைப்பழம்

வேலூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி,

பாப்பா பிறந்தநாளுக்கு நீ சுட்ட வாழைப்பழக் கேக் செங்கல்லாக வந்துவிட்டது என்று மருமகள் போனில் சிரித்தாள். குறிப்பில் 'மசித்த வாழைப்பழம் ஒன்றரை கப்' என்று இருக்க, நீ வில்லை வில்லையாக நறுக்கிக் கப்பில் அளந்துவிட்டு அப்புறம் மசித்தாயாம். முப்பது வருஷம் பழக்கடையில் தராசு பிடித்தவன் பிள்ளை செய்கிற காரியமா அது?

நறுக்கிய வாழைப்பழம் ஒரு கப்புக்கு 150 கிராம்தான் நிற்கும். துண்டுக்கு நடுவே எல்லாம் காற்று. மசித்தால் அதே கப்பில் 225 கிராம் பிடிக்கும். மருமகள் படித்துக் காட்டிய கணக்கு இது. நம்பாமல் நானும் இங்கே பூவன் பழத்தில் நிறுத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட அதேதான். அப்படியென்றால் 340 கிராம் போக வேண்டிய இடத்தில் நீ போட்டது 225. மாவு முழுசாகப் போயிருக்கிறது, பழத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். கேக்குக்கு ஈரம் எங்கிருந்து வரும்?

ஜவ்வாது மலையிலிருந்து நாவல்பழம் கொண்டுவரும் அம்மாக்கள் படியில் அளந்து கொடுப்பார்கள். உன் ஆயா விடமாட்டாள். "படியைத் தரையில ஒரு தட்டு தட்டும்மா" என்பாள். தட்டினால் பழம் கீழே இறங்கும், மேலே இன்னும் ஒரு கை பிடிக்கும். ஆயாவுக்கு அந்த ஒரு கை கொசுறு, விற்கிறவளுக்கு நஷ்டம். இந்த வம்பே வேண்டாம் என்றுதான் நான் கடையில் படியே வைத்துக்கொள்ளவில்லை.

நீ இருக்கிற மெல்போர்ன் பக்கம் கப் 250 மில்லி. அமெரிக்கக் கப்பை 240 என்பார்கள். பழத்துக்கு அது பெரிய வித்தியாசமில்லை, விட்டுவிடு. டேபிள்ஸ்பூனில்தான் ஏமாந்துவிடாதே. உங்கள் ஊரில் அது 20 மில்லி, அமெரிக்கக் குறிப்பில் 15.

கடைக்குப் போகும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். குறிப்பில் இருப்பது உரித்த பழத்தின் அளவு. வாழையில் தோலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 340 கிராம் சதை வேண்டுமென்றால் தோலோடு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே வாங்கு. அன்னாசியில் பாதிக்குப் பாதி கழிவு. கேசரிக்கு வாங்க வரும் கல்யாண சமையல்காரர்கள் தோல் சீவினால் எவ்வளவு நிற்கும் என்று கேட்காமல் காசை எடுக்கமாட்டார்கள்.

அம்மாவின் மாம்பழ ஜாமை நீ செய்தபோது தித்திப்பு தூக்கலாகப் போனதும் இதே கதைதான். பழமும் சர்க்கரையும் சரிக்குச் சரி என்று அவள் சொன்னது எடையில். நீ கப்புக்குக் கப் போட்டிருப்பாய். மாம்பழத் துண்டு ஒரு கப் 165 கிராம், சர்க்கரை ஒரு கப் 200.

ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள். காலிக் கப்பை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுப் பழத்தைப் போடு. நறுக்கியது எவ்வளவு, மசித்தது எவ்வளவு என்று ஒருமுறை எழுதி அடுப்படியில் ஒட்டிவிட்டால் போதும்.

அந்தக் கேக்கை என்ன செய்தீர்கள் என்று அம்மா கேட்கிறாள். தூக்கிப் போடாதீர்களாம், சூடான பாலில் ஊறவைத்தால் பாப்பா தின்னுமாம்.

அப்பா