கை படாமல் ஒரு படம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எதிர் வீட்டு மொட்டை மாடியில் காயும் வடாம் வரை தெரிகிறதாம், சந்தோஷம் தாங்கவில்லை.

போன வாரம் ஒரு கல்லீரல் ஆபரேஷன். கட்டி ரத்தக்குழாயை எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று டாக்டர் சி.டி. ஸ்கேன் படத்தில் மறுபடி பார்க்க நினைத்தார். அவர் கையில் கிருமி நீக்கிய ஸ்டெரைல் கையுறை, வேறு எதையும் தொடக்கூடாது; மவுஸ் என்னிடம். "மேலே போங்க சிஸ்டர்... இன்னும்... தாண்டிட்டீங்க, கீழே." நூற்றுக்கணக்கான படங்களில் அவர் மனதில் இருக்கும் ஒன்றை நான் எப்படிப் பிடிப்பேன்? கடைசியில் கவுன் நுனியால் மவுஸைப் பிடித்துத் தானே உருட்டிவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "கவுனும் கையுறையும் மாத்திடுங்க சார்" என்றேன். மாற்றினார். ஆனால் வயிறு திறந்தபடி அத்தனை நேரம் போனதே!

நாம் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபிலிமை வியூ பாக்ஸில் செருகி விளக்கைப் போட்டால் முடிந்தது. டாக்டர் தலையை நிமிர்த்தினால் படம். அது கம்ப்யூட்டருக்குள் போன பிறகுதான் தொட வேண்டியதாயிற்று.

அன்று இரவே உட்கார்ந்து தேடினேன். இதற்கு வழி கண்டவர்கள் உன் ஊரிலேயே இருக்கிறார்கள்! எக்ஸ்பாக்ஸ் வீடியோ விளையாட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பரில் கினெக்ட் என்ற கேமராவை விட்டதே, அதை அடுத்த வருஷமே டொராண்டோ சன்னிபுரூக் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை எதிரே தெளித்து, அவை விழும் விதத்தை வைத்துக் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது கணக்குப் போடும். டாக்டர் நின்ற இடத்திலிருந்தே கையசைத்துப் படங்களைத் தள்ளலாம். 2012இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரத்தக்குழாய் ஆபரேஷனில் முப்பரிமாணப் படத்தையே இப்படித் திருப்பிப் பார்த்தார்கள்.

ஆனால் தியேட்டரில் நிற்பவளுக்குத்தான் சிக்கல் புரியும். ஸ்டெரைலாக நிற்பவர் கை மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் அசிஸ்டென்ட் முழங்கை இடிக்கும். அந்த ஒரு சாண் இடத்துக்குள் அடங்கும் சின்ன அசைவாக இருந்தால்தான் நமக்கு உதவும். அப்புறம், நம் டாக்டர்கள் கையை ஆட்டாமல் பேசுவார்களா? எது கேமராவுக்கு, எது ஜூனியருக்கு என்று அதற்குத் தெரிய வேண்டுமே. லண்டன்காரர்கள் குரல் கட்டளையையும் சேர்த்துக்கொண்டது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். நல்ல யோசனை. கினெக்ட் தயாரிப்பை 2017இல் நிறுத்திவிட்டார்கள் என்று படித்தபோதுதான் மனசு கேட்கவில்லை.

எனக்கு மவுஸ் பிடிப்பது பாரமில்லை, செல்வி. ஆனால் படத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பதில்தான் அந்த டாக்டரின் யோசனையே ஓடுகிறது. அது அவர் கையிலேயே இருக்க வேண்டும்.

உங்கள் தியேட்டரில் இப்போது என்ன செய்கிறீர்கள்? கேமராவா, காலால் அமுக்கும் பெடலா, இல்லை அங்கேயும் "மேலே போங்க சிஸ்டர்"தானா? விவரமாக எழுது. எங்கள் சூப்பரின்டென்டென்டிடம் காட்டிப் பேச வேண்டும்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
மல்லிகா