வெள்ளி ரதத்துக்கு யாரும் வெள்ளை அடிக்க வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வரைந்த தைப்பூசப் படத்தில் தேங்காயெல்லாம் மஞ்சளாகிவிட்டது, சட்டம் போடும் கடைக்காரர் வெள்ளை அடித்துத் தருகிறாராம் என்றீர்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும், வெளிச்சம் பட்டால் ஓரளவு தெளியும். படத்தை மாடிப்படிக்குக் கீழிருந்து எடுத்து, நேர் வெயில் படாத வெளிச்சமான சுவரில் மாட்டுங்கள். புதுச் சட்டம் வேண்டுமானால் போடலாம். வண்ணத்தில் மட்டும் யாரும் கைவைக்க வேண்டாம்.

எண்ணெய் வண்ணத்தில் நான் முடித்த முதல் பெரிய படம் அது. தைப்பூசத்துக்கு முதல் நாள், விடிந்தும் விடியாத நேரத்தில், பினாங்கு ஸ்திரீட் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னாலுள்ள நடைபாதையில் நின்று பென்சிலில் கிறுக்கியதில் ஆரம்பித்தது. அப்புறம் வீட்டில், டர்பன்டைன் கலந்த மெல்லிய பழுப்பு அடியில். மேலே போகப்போக எண்ணெய் கூடிய பூச்சு. மாற்றிச் செய்தால் மேல்பூச்சு வெடித்துவிடும். நல்லவேளை, பர்ன்ட் அம்பர் என்ற அந்தப் பழுப்பு வண்ணத்தில் மாங்கனீசு உண்டு, நம் ஊர் ஈரக் காற்றிலும் சீக்கிரம் காய்ந்தது.

படத்தில் இருப்பது 1894 முதல் ஓடும் நகரத்தாரின் வெள்ளி ரதம். அந்த வெள்ளிக்கு நான் வெள்ளி நிறக் குழாய் எதையும் தொடவில்லை. அல்ட்ராமரின் நீலமும் அம்பரும் சேர்ந்து, கொஞ்சம் வெள்ளையும் விட்டால் சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிர்ச்சி, அம்பர் கூடினால் சூடு. ரதம் முழுக்க அந்தச் சாம்பல்தான். விளக்கு பட்ட விளிம்புகளில் மட்டும் டைட்டானியம் வெள்ளையைக் கத்தி முனையால் பொட்டுப் பொட்டாக வைத்தேன். சுற்றிலும் இருட்டு இருந்தால்தான் வெள்ளி மின்னும். அங்கே போய் ஒருவர் வெள்ளை பூசினால் ரதம் தகரமாகிவிடும், அக்கா.

தேங்காய்க்கு மட்டும் எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்தேன். உடைந்த பருப்பின் ஈரம் தெரிய வேண்டுமே! அதிகம் மஞ்சளித்ததும் அதனால்தான்.

“சாமியையே காணோமே” என்று அம்மா கேட்டது நினைவிருக்கிறதா? ரதம் மேல் மூலையில் பாதிதான் தெரியும். கீழே முக்கால்வாசியும் தேங்காய் உடைப்பவர்கள். வேண்டுதலோடு குனிந்து, கால் முட்டிவரை தேங்காய்த் தண்ணீர் தெறிக்க நிற்பவர்கள். அன்று என் கண் அவர்களைவிட்டு நகரவே இல்லை. இடது ஓரத்து மஞ்சள் சட்டைக்காரரின் முதுகைப் பாருங்கள். அங்கே வண்ணத்தைத் துணியால் துடைத்தெடுத்து, அடிப்பழுப்பை அப்படியே விட்டிருக்கிறேன். வியர்வையில் நனைந்து ஒட்டிய சட்டையை அதைவிட நன்றாக இன்றுவரை நான் வரைந்ததில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி