உடைந்த ரோட்டைப் பார்க்க வாருங்கள், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மாம் டோர் மலை ஏற முழங்கால் தாங்குமா என்று போனில் கேட்டீர்கள். தாராளமாகத் தாங்கும். உயரம் 517 மீட்டர். அதில் பெரும்பகுதியைக் காரே ஏறிவிடும். மிச்சத்துக்குக் கல் பாவிய படி இருக்கிறது. இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இதில் ஏறுவதால், ஞாயிற்றுக்கிழமை தேர்த்திருவிழாக் கூட்டம்தான். உச்சியில் வெண்கலக் காலத்திலேயே ஆட்கள் குடியிருந்த கோட்டைமேடு. இத்தனை கால்கள் மிதித்து அது கரைந்துபோகாமல் இருக்கத்தான் அந்தக் கல்.

ஆனால் உங்களைக் கூட்டிப்போக நான் ஆசைப்படுவது உச்சிக்கு அல்ல. மலையின் கிழக்குச் சரிவுக்கு. நெடுஞ்சாலைத் துறையில் காலம் தள்ளியவர் பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

வின்னட்ஸ் கணவாயின் செங்குத்து ஏற்றத்தைத் தவிர்க்க, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சரிவில் ரோடு போட்டார்கள். போட்டது பழைய நிலச்சரிவின் மேலேயே! மணற்பாறையும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கிய மலை. அடியில் முழுக்கக் களிப்பாறை. மழைத்தண்ணீர் இறங்கினால் இளகி நகரும். ‘நடுங்கும் மலை’ என்று ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் சும்மா இல்லை. 1912, 1933, 1946, 1952, 1966 என்று ரிப்பேர் செய்துகொண்டே இருந்தார்கள். 1974இல் பெரிய சரிவு. 1977இல் ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டிகள் மட்டும் போகிற ஒற்றைத் தடமாகச் சுருக்கினார்கள். 1979இல் கைகழுவிவிட்டார்கள். வண்டிகள் மறுபடி வின்னட்ஸ் கணவாய்க்கே போயின.

இப்போது அங்கே தார்ரோடு ஆள் உயரத்துக்கு முறிந்து கிடக்கிறது. முறிந்த இடத்தில் குனிந்து பாருங்கள்: தார், ஜல்லி, மறுபடி தார், மறுபடி ஜல்லி. இறங்க இறங்க நிரப்பிய ஒவ்வொரு தடவையும் ஓர் அடுக்கு. எந்த அடுக்கு யாருடைய எஸ்டிமேட் என்று நீங்கள் ஆரம்பித்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். நடுக்கோட்டின் வெள்ளை பெயின்ட் இன்னும் போகவில்லை. ஒரு துண்டில் பள்ளத்தாக்கைப் பார்த்துப் போகிறது, அடுத்த துண்டில் விலகி வேறெங்கோ போகிறது.

சித்தி வேண்டுமானால் உச்சிக்குப் போய் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். நாம் கீழேயே இருப்போம். அளவு டேப் கொண்டுவாருங்கள். குடை வேண்டாம், அங்கே அடிக்கிற காற்றுக்கு நிற்காது.

அன்புடன்,
உங்கள் மகன் முறை