டிரென்ட் கப்பல்: ஒரு வரியில் முடிவதல்ல

ஆசிரியருக்கு,

உள்நாட்டுப் போர்களில் அந்நியத் தலையீடு பற்றிய கட்டுரையில், டிரென்ட் கப்பல் விவகாரத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது போதாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 நவம்பர் 8 அன்று அந்த பிரிட்டிஷ் தபால் கப்பலை மறித்த அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் வில்க்ஸ், பிரிந்துபோன தென்மாநிலங்களின் தூதர்கள் மேசன், ஸ்லைடெல் இருவரையும் பிடித்துக்கொண்டு கப்பலைப் போகவிட்டார். கோளாறு அங்கேதான். கப்பலையே துறைமுகத்துக்குக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால் சட்டப்படி வாதாட இடமிருந்திருக்கும்.

பிரிட்டன் சுமார் 11,000 வீரர்களைக் கனடாவுக்கு அனுப்பியது. வெடிமருந்துக்குத் தேவையான வெடியுப்பின் ஏற்றுமதியையும் தடுத்தது. அது பெரும்பாலும் நம் நாட்டுச் சரக்கு என்பதையாவது எழுதியிருக்கலாம். போரைத் தவிர்த்தது, பிரிட்டன் அமெரிக்காவுக்கு அனுப்பவிருந்த கடிதத்தில் செய்த திருத்தம். உயிர் போகும் நிலையிலும் விக்டோரியா அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட், கேப்டன் உத்தரவின்றிச் செய்திருப்பார் என நம்புவதாகச் சேர்க்கச் சொன்னார். அந்த வழியைப் பிடித்துக்கொண்ட அமெரிக்க வெளியுறவுச் செயலர் செவார்ட், டிசம்பர் இறுதியில் இருவரையும் விடுவிக்க ஒப்புக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, பிரிட்டனும் வற்புறுத்தவில்லை.

- வரலாற்று ஆசிரியர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்